மோட்டார் சைக்கிளில் எந்த அறைக்கு எந்த எண்ணெய்?

(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



உழவியல் துறையில் பாடம் சொல்லுகிறவன் வண்டி எண்ணெயைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இன்று பால் கேனும், உர மூட்டையும், காய்கறிக் கூடையும் மோட்டார் சைக்கிளில்தான் போகின்றன. வண்டி படுத்துவிட்டால் அன்றைய பால் சங்கத்துக்குப் போய்ச் சேராது. எஞ்சினைப் பிரித்துப் புதிய பிஸ்டன் போட ஆகும் செலவு, ஒரு போகத்தில் மிஞ்சும் பணத்தைத் தின்றுவிடும். என் தந்தையார் வாங்கிய நான்கு கியர் புல்லட் ஒன்றை நானே பராமரித்து வருகிறேன். அதனால் கைப்பழக்கமும் உண்டு.

நெல் வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல 2,4-டி தெளிக்கிறோம். அதே தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குக் கொண்டுபோனால் பருத்தியின் இலை சுருண்டு செடி கெட்டுப்போகும். மருந்து கெட்ட மருந்தல்ல, இடம்தான் தவறு. வண்டி எண்ணெயிலும் பெரும்பாலான சேதம் இப்படித்தான் வருகிறது. விலை உயர்ந்த நல்ல எண்ணெயையே தவறான அறையில் ஊற்றிவிடுகிறோம்.

முதலில் பழைய புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்து வந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகள் ஏறத்தாழ 2010 வரை வந்தன. இன்றும் நம் ஊர்களில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எஞ்சின், பிரைமரி செயின் பெட்டி, கியர் பெட்டி ஆகிய மூன்றும் தனித்தனி அறைகள். ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்குப் போகாது. ஆகவே மூன்றுக்கும் மூன்று வகை எண்ணெய் தேவைப்படும்.

எஞ்சினுக்குள் எண்ணெய்க்குக் கடுமையான வேலை. காற்றினால் மட்டுமே குளிரும் எஞ்சின் இது. சித்திரை வெயிலில், பின்னால் மூட்டையோடு, வரப்புப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது காற்றோட்டம் குறைவு, சூடோ மிகுதி. அப்போதும் எண்ணெய் நீர்த்துவிடாமல் படலமாக நிற்க வேண்டும். 20டபிள்யூ-50 என்று டப்பாவில் இருப்பதில் பின்னால் வரும் 50 என்பது சூடான நிலையில் உள்ள கெட்டித்தன்மையைக் குறிக்கும். முன்னால் வரும் எண் குளிரில் கிளப்பும்போது எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் காட்டும். இந்த எண் குறைவாக இருந்தால் குளிரில் எளிதாக ஓடும். சமவெளியில் இருக்கிற நமக்குப் பின்னெண்தான் முக்கியம். உதகைப் பக்கத்து நண்பர்கள் முன்னெண்ணையும் கவனிக்கலாம். இந்தப் பழைய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஏற்றது.

இந்த எஞ்சினில் ஒரு விசேஷம் உண்டு. எண்ணெய் இருப்பு அறை ஒருபுறமும், தண்டு சுழலும் அறை மற்றொரு புறமும் உள்ளன. வண்டியைப் பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால் இருப்பு அறையின் எண்ணெய் பம்பு வழியாக மெல்லக் கசிந்து சுழலறைக்குள் இறங்கிவிடும. அளவுக் குச்சியைப் பார்த்தால் எண்ணெய் குறைந்ததாகத் தெரியும். உடனே அரை லிட்டரை ஊற்றி விடுகிறோம். பிறகு வண்டியைக் கிளப்பினால் மிகுதியான எண்ணெய் காற்றுக் குழாய் வழியே வெளியே பீறிடும். எஞ்சினே போயிற்று என்று பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. எனவே வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சற்றுப் பொறுத்த பிறகே அளவு பாருங்கள்.

இடப்பக்கம் இருப்பது பிரைமரி செயின் பெட்டி. கிளட்ச் பெட்டி என்றும் சொல்வார்கள். எஞ்சினின் விசையைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் இரட்டைச் செயினும், கிளட்ச் தகடுகளும் இதே எண்ணெயில்தான் நனைகின்றன. செயினுக்கு வழுக்கல் வேண்டும். கிளட்ச் தகடுகளுக்கோ பிடிப்பு வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "சங்கிலி ஓடுகிற இடம்தானே" என்று கியர் எண்ணெய் 90ஐ ஊற்றிவிட்டால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலையில் நியூட்ரல் விழாது; கிளட்சை முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னே நகரப் பார்க்கும். மாறாக, உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் தகடுகள் நழுவும். வெறும் வண்டியில் இது தெரியாது. இரண்டு பால் கேன்களோடு வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் மட்டும் இரைந்து, வண்டி பின்னுக்குச் சரியும். அப்போது பின்னால் லாரி வருமானால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த அறைக்கு இளகிய மோட்டார் சைக்கிள் எண்ணெய் போதும். அளவுத் திருகைக் கழற்றி, அந்தத் துளை வரை மட்டும் ஊற்றுங்கள். அளவு மிஞ்சினாலும் கிளட்ச் நழுவும்.

மூன்றாவது கியர் பெட்டி. இங்கே பற்கள் ஒன்றை ஒன்று அழுத்தித் தேய்க்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சரக்குகள் கியர் எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ளன. கடையில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என இரண்டு வகை கிடைக்கும். ஐந்துதான் உயர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தில் இந்தச் சரக்கு அதிகம். அதில் சில வகை, வெண்கலப் புஷ்களை நாளடைவில் அரிக்கும். பழைய புல்லட்டின் கியர் பெட்டியில் வெண்கலப் புஷ்கள் இருக்கின்றன. ஆகவே ஜி.எல்.-4 தரத்தில் 90 என்பதே என் தேர்வு. நான்கு கியர் பெட்டிகள் சற்று ஒழுகும் இயல்புடையவை என்பதால் குழைவான கியர் கிரீஸ் இடுகிற பழக்கமும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் சக்கரப் பேரிங்குக்கு வைக்கும் கெட்டிக் கிரீஸை அடைத்துவிடாதீர்கள். பற்சக்கரம் அதில் பள்ளம் வெட்டிக்கொண்டு வறட்சியாகவே சுழலும். ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராது.

இன்னொரு மயக்கத்தையும் தீர்க்க வேண்டும். 90 என்பது 40ஐப் போல் இரு மடங்கு கெட்டி அல்ல. எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோல், கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோல். மரக்காலையும் கிலோவையும் ஒப்பிடுவது போன்றது இது. சூடான நிலையில் கியர் எண்ணெய் 90, எஞ்சின் எண்ணெய் 40, 50 ஆகியவற்றின் கெட்டித்தன்மையை ஒட்டியதுதான். வேறுபாடு உள்ளே சேர்த்த சரக்கில் இருக்கிறது.

இனி இக்கால வண்டிகள். ஹீரோ ஹோண்டா சி.டி.100 நம் நாட்டில் 1985இல் வந்தது. அதன் வழிவந்த வண்டிகளிலும், பிற்காலப் புல்லட்டிலும் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். நூறு சி.சி. வண்டியில் இருப்பது சுமார் ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டர் சூட்டையும் தாங்கி, கிளட்சின் பிடிப்பையும் கெடுக்காமல், பற்களின் அரைப்பிலும் சிதையாமல் இருக்க வேண்டும். எனவே குறித்த காலத்தில் மாற்றுவது இவற்றில் மிக அவசியம். டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியர் 1998இல் வகுத்த இந்தத் தரம், எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கு அடையாளம். எம்.பி. என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு உரியது. கியர் வண்டிக்கு வாங்காதீர்கள்.

"ஐயா, டிராக்டருக்கு வாங்கின எண்ணெய் மீந்து கிடக்குதே, அதை பைக்குக்கு ஊத்தலாமா?" என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் தவறாமல் வரும். டிராக்டருக்கான 15டபிள்யூ-40 டீசல் எண்ணெயை ஊற்றியவுடன் வண்டி கெட்டுவிடாது. சிலர் ஊற்றி ஓட்டியும் வருகிறார்கள். ஆனால் ஜாசோ எம்.ஏ. குறி இல்லாத எண்ணெயில் கிளட்ச் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பழைய புல்லட்டின் எஞ்சின் அறையில் கிளட்ச் இல்லாததால் அவசரத்துக்கு அங்கே ஊற்றலாம். ஒரே எண்ணெயில் ஓடும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டிராக்டரின் பின்பெட்டி எண்ணெயோ எந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கும் ஆகாது.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளில் 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. அதற்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கக் கூடாது. அதற்கு முந்தைய இரு வீச்சு வண்டிக்கு 2டி எண்ணெயைக் கையேட்டில் கண்ட அளவில் கலக்க வேண்டும். வீட்டில் இரண்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ணெய் கறுப்பது கரியைத் தன்னோடு சுமக்கிறது என்பதற்கு அடையாளம். அதற்காகக் கெட்டது என்று பொருளில்லை. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால்தான் உடனே மாற்ற வேண்டும்; தண்ணீர் புகுந்துவிட்டது. பம்புசெட் நீரை நேராகப் பாய்ச்சி வண்டி கழுவுகிறவர்கள் பிரைமரி பெட்டியை அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது.

எண்ணெயை வண்டி சூடாக இருக்கும்போதே வடியுங்கள். அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். காலி டப்பாவைக் கடையில் விட்டுவிடாமல் ஓட்டை போட்டு விடுங்கள். போலி எண்ணெய் அடைப்பவர்களுக்கு உங்கள் டப்பாதான் மூலதனம். வடித்த எண்ணெயைக் கறையானுக்கென்று வேலிக்காலிலும் மரத்தடியிலும் ஊற்றுகிறோம். மாட்டின் புண்ணுக்குத் தடவுகிறவர்களும் உண்டு. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும், தேய்ந்த உலோகத் துகள்களும் இருக்கின்றன. மண்ணில் இறங்கினால் கிணற்று நீரும் கெடும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மறுசுத்திகரிப்பு ஆலைகள் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன.