பழைய வேட்டி, புதிய தலையணை



வீட்டை அழகாக வைத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை உண்டு. மாடி வீட்டுக்காரருக்கும் உண்டு. ஓட்டு வீட்டுக்காரருக்கும் உண்டு. ஓணம் வருகிறது. பொங்கல் வருகிறது. பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அப்போதுதான் எல்லாம் கண்ணில் படுகிறது. நாற்காலியின் பிரம்பு அறுந்து கிடக்கிறது. தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு. சுவரில் கறை. வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மனம் கூசுகிறது.

உடனே சிலர் கடன் வாங்குகிறார்கள். தவணைக்குச் சோபா எடுக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 ரூபாய் கடன். 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் வட்டி. மாதம் 150 ரூபாய் ஆகிறது. ஒரு வருடத்துக்கு 1,800 ரூபாய். அசல் 5,000 அப்படியே நிற்கிறது. விருந்தாளி ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். வட்டி வருடம் முழுக்க வீட்டிலேயே இருக்கும்.

கடன் இல்லாமல் வீட்டை அழகாக்க முடியுமா? முடியும். அதைச் செய்து காட்டிய ஒரு பெரியவர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார்.

பக்கத்தில் கிடைப்பதே போதும்

அவர் பெயர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டடக் கலை படித்தவர். 1945இல் இந்தியாவுக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கான மருத்துவ மனைகளைக் கட்டித் தரும் வேலை அவருக்கு. டாக்டர் எலிசபெத் என்ற கேரளப் பெண்ணை மணந்தார். மலைப் பகுதிகளில் பல ஆண்டுகள் வேலை செய்தார். பிறகு திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறையில் குடியேறினார். இந்தியக் குடிமகன் ஆனார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007இல் தம் 90ஆம் வயதில் காலமானார்.

பேக்கர் காந்தியடிகளைச் சந்தித்திருக்கிறார். காந்தியடிகள் அவரிடம் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்பதுதான் அது. பேக்கர் அதை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். செங்கல் அழகாக இருக்கிறது, அதன் மேல் ஏன் பூச்சு என்று கேட்டார். பூச்சுக் கூலி மிச்சம் ஆனது. சன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினார். காற்றும் வந்தது, வெளிச்சமும் வந்தது. பிறர் தூக்கி எறிந்த வண்ணப் பாட்டில்களைச் சுவரில் பதித்தார். வெயில் பட்டதும் வீட்டுக்குள் பச்சையும் நீலமுமாக ஒளி விழுந்தது.

தம்பானூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. அதுவும் பேக்கர் கட்டியதுதான். சுருள் போல வளைந்து வளைந்து மேலே போகும். மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டவை. திருவனந்தபுரம் போகிறவர்கள் ஒரு காபி குடித்தபடி அதைப் பார்க்கலாம்.

பேக்கர் வீடு கட்டினார். எல்லோராலும் இன்று வீடு கட்ட முடியாது. ஆனால் அதே வழியில் ஒரு தலையணை செய்ய எல்லோராலும் முடியும்.

பாலராமபுரத்துத் துணி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் பாலராமபுரம் என்ற ஊர் இருக்கிறது. கைத்தறிக்குப் பெயர் போன ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் பாலராம வர்மா மகாராஜா. அவர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே அழைத்து வரப்பட்டன. அவர்கள் குடியிருக்கத் தெருக்கள் அமைத்துக் கொடுத்தார்கள். அரசரின் பெயரே ஊருக்கும் பெயர் ஆனது.

இங்கே குழித்தறியில் நெய்கிறார்கள். தரையில் குழி தோண்டி, அதில் கால் வைத்து மிதித்து நெய்யும் தறி அது. வெள்ளை அல்லது சந்தன நிறத் துணி. ஓரத்தில் சரிகைக் கரை அல்லது வண்ணக் கரை. துணியின் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். இந்தத் துணி புவிசார் குறியீடு பெற்றது.

நெசவாளி நெய்த துணி பழசானாலும் அதன் கரை எளிதில் கெடுவதில்லை. வேட்டி நடுவில் நைந்து போகும். கரை மட்டும் அப்படியே இருக்கும். அதைக் கரித்துணி ஆக்கி அடுப்படியில் போட வேண்டாம். பாலராமபுரம் வேட்டி ஆனாலும் சரி, ஈரோட்டு வேட்டி ஆனாலும் சரி, அதில் அழகான தலையணை உறை தைக்கலாம்.

உறை தைப்பது எப்படி?

நாற்காலியில் சாய்ந்து உட்கார வைக்கும் சின்னத் தலையணை 16 அங்குலச் சதுரம். அதற்கு உறை தைக்கும் முறை இது. சிப் வேண்டாம், பொத்தான் வேண்டாம். ஊசியும் நூலும் போதும்.

முதலில் வேட்டியைத் துவைத்துக் காய வையுங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் தெரியும். அந்த இடத்துக்கு அடியில் இன்னொரு துணி வைத்து இரட்டையாக்கிக் கொள்ளுங்கள்.

இப்போது அளவு. நாலு முழ வேட்டியின் நீளம் 72 அங்குலம். வேட்டியை 17 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டுங்கள். நான்கு துண்டு கிடைக்கும். 4 அங்குலம் மீதி வரும். ஒரு துண்டில் ஓர் உறை. அப்படியானால் ஒரு வேட்டியில் நான்கு உறை.

ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் கரை இருக்கும். கரைப் பக்கமாக 12 அங்குலம் வெட்டுங்கள். மறு கரைப் பக்கமும் 12 அங்குலம் வெட்டுங்கள். நடுவில் உள்ளதில் 17 அங்குலம் எடுங்கள். 12, 12, 17. மொத்தம் 41 அங்குலம். வேட்டியின் அகலம் இதற்குப் போதும்.

17 அங்குலச் சதுரத்தைத் தரையில் விரியுங்கள். அதன் மேல் கரைத் துண்டு ஒன்றை வையுங்கள். கரை நடுவில் வரட்டும். மறு துண்டை எதிர்ப் பக்கத்திலிருந்து வையுங்கள். அதன் கரையும் நடுவில் வரட்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று 7 அங்குலம் ஏறி நிற்கும். துணியில் நல்ல பக்கம், மறு பக்கம் என்று வேறுபாடு இருந்தால், நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றை ஒன்று பார்க்க வேண்டும்.

நான்கு ஓரமும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். கையால் தைப்பவர்கள் பின் தையல் போடுங்கள். ஊசியை ஓர் அடி முன்னே எடுத்து, அரை அடி பின்னே குத்துவதுதான் பின் தையல். அது எளிதில் பிரியாது. தைத்து முடித்ததும் கரைகளின் இடையே கை விட்டு வெளியே திருப்புங்கள். மூலைகளைக் குச்சியால் மெல்லத் தள்ளிவிடுங்கள். உறை தயார். கரை தானே நெய்த ஓரம் என்பதால் அது நூல் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கரைப் பக்கத்தையே முன்பக்கமாக வைத்தால் தலையணையின் நடுவில் சரிகை ஓடும்.

உள்ளே என்ன அடைப்பது?

'இலவு காத்த கிளி' என்று சொல்வார்கள். இலவங்காய் பழுக்கும் என்று கிளி காத்திருக்கும். காய் வெடித்துப் பஞ்சு பறந்துவிடும். கிளிக்கு ஏமாற்றம். தலையணைக்கு அதுதான் லாபம். இலவம் பஞ்சு மிக லேசானது. அதன் இழை உள்ளே குழலாக இருக்கும். மேலே மெழுகு போன்ற பூச்சு உண்டு. அதனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் அணியும் மிதவைச் சட்டையில் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சுக்குப் பேர் பெற்றது.

பஞ்சு வாங்க வசதி இல்லையா? தையல் கடையில் விழும் துண்டுத் துணி போதும். விரல் அளவுக்கு நறுக்கி அடையுங்கள். பெரிய துண்டாக அடைத்தால் முடிச்சு முடிச்சாகக் குத்தும்.

பஞ்சை நேராக உறைக்குள் போடக் கூடாது. கெட்டியான துணியில் உள்பை ஒன்று தையுங்கள். 17 அங்குலச் சதுரத்தில் இரண்டு துண்டு. ஓரம் தைக்கும்போது நான்கு விரல் அளவு வாய் விடுங்கள். பஞ்சை அடைத்துவிட்டு வாயை மூடுங்கள்.

சில எச்சரிக்கைகள்:

பஞ்சு அடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூசி நெஞ்சுக்கு ஆகாது.

இலவம் பஞ்சு சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பஞ்சைத் துவைக்கக் கூடாது. உறையை மட்டும் துவையுங்கள். திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயில் வந்ததும் தலையணையை வெளியே காய வையுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை எதுவும் வேண்டாம். முகத்தில் விழுந்து மூச்சை அடைக்கலாம்.

சேற்றில் பிறந்த குழந்தை

கழித்துப் போட்ட துணிக்கு என்ன மதிப்பு என்று சிலர் கேட்கலாம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெரும் வெள்ளம் வந்தது. எர்ணாகுளம் மாவட்டத்தில் சேந்தமங்கலம் என்ற நெசவு ஊர் இருக்கிறது. ஓணத்துக்கு விற்க வைத்திருந்த புடவைகள் எல்லாம் சேற்றில் மூழ்கின. தறிகளும் கெட்டன. வருடத்தின் பெரிய வியாபாரமே போய்விட்டது. துணிகளை எரித்துவிடலாம் என்ற நிலை.

அப்போது லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள். கறை பட்ட துணியைக் கிருமி போகத் துவைத்தார்கள். அதில் சின்னச் சின்னப் பொம்மைகள் செய்தார்கள். பொம்மையில் கறை தெரியட்டும் என்று விட்டார்கள். அதற்குச் சேக்குட்டி என்று பெயர் வைத்தார்கள். சேற்றில் பிறந்த குழந்தை என்று பொருள். ஒரு புடவையில் 360 பொம்மை. ஒரு பொம்மை 25 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 9,000 ரூபாய் வருகிறது. நல்ல நிலையில் விற்றிருந்தால் அந்தப் புடவைக்கு 1,500 ரூபாய்க்கு உள்ளேதான் கிடைத்திருக்கும். அந்தப் பணம் நெசவாளிகள் மறுபடி தறியில் உட்கார உதவியது.

2020இல் கொரோனா வந்தது. மருத்துவர்கள் அணியும் பாதுகாப்பு உடைகளைத் தைத்த இடங்களில் துண்டுகள் மலையாகக் குவிந்தன. லட்சுமி மேனன் அவற்றைக் கூந்தல் பின்னுவது போலப் பின்ன வைத்தார். ஊசி இல்லை, நூல் இல்லை. பின்னலை வளைத்து வளைத்துக் கட்டினால் மெத்தை. அதற்குச் 'சய்யா' என்று பெயர். கிராமத்துப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. நோயாளிகளுக்குப் படுக்கை கிடைத்தது.

இன்னும் சில எளிய அழகுகள்

தலையணையோடு வேறு சிலவும் செய்யலாம். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் இருட்டறையும் வெளிச்சமாகும். தரைக்குக் கோரைப்பாய் அல்லது தாழம்பாய் விரிக்கலாம். கொல்லம் மாவட்டத்துத் தழவா தாழம்பாய்க்குப் பெயர் போனது. தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து எண்ணெய் தடவினால் பளபளக்கும். பேனா வைக்கலாம், ஊசி நூல் வைக்கலாம். பழைய பாட்டிலில் மணி பிளாண்ட் கொடியை வளர்க்கலாம். ஆனால் அந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

விற்கலாமா?

தாராளமாக விற்கலாம். கேரளத்தில் 1998இல் குடும்பஸ்ரீ தொடங்கியது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து அயல்கூட்டம் நடத்துகிறார்கள். சேமிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. தலையணை தைப்பதும் ஒரு தொழில்தான்.

ஆனால் கணக்கு எழுத வேண்டும். துணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சுக்கு 80. நூலுக்கு 5. மொத்தம் 145 ரூபாய். தைக்க இரண்டு மணி நேரம். அதை 150 ரூபாய்க்கு விற்றால் என்ன ஆகும்? இரண்டு மணி நேர உழைப்புக்குக் கூலி 5 ரூபாய். "சும்மாதானே இருக்கே, தைச்சுக் கொடு" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உழைப்பையும் ஒரு வரியாக நோட்டில் எழுதுங்கள். எழுதாத கூலியை யாரும் தர மாட்டார்கள்.

இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பழைய வேட்டி இருக்கும். அதை அளந்து பாருங்கள். அளவை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.