பெட்டி பாடம் நடத்தும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று யார் பார்ப்பது?

(புதுச்சேரியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் கடைசி மகள் நான்கு வயதில், தொலைக்காட்சியைப் பார்த்தே ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் சொன்னாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஒருநாள், "மூன்று பேரீச்சம்பழம் எடுத்து வாம்மா" என்றேன். கை நிறைய அள்ளி வந்தாள். எண்களின் பெயர் தெரிந்திருந்தது, எண்ணத் தெரியவில்லை.

குற்றம் பெட்டியினுடையதா? இல்லை, என்னுடையது. அவளை அதன் முன் உட்கார வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கல்வி நிகழ்ச்சிகளைக் குறைகூற நான் வரவில்லை. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நம் நாடு கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'கல்வி தொலைக்காட்சி'யைத் தொடங்கியது. மறு ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பாடங்கள் அதன் வழியே வீடு தேடி வந்தன. கருவி நல்ல கருவிதான்.

ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகளின் நிலை வேறு. 1969 நவம்பரில் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளும் பள்ளி சேருமுன்பே எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். பெரியவர் ஒருவர் கூட இருந்து பேசினால் பிள்ளை அதிகம் கற்கும் என்று அதைத் தயாரித்தவர்கள் கருதினார்கள். அதனாலேயே பெற்றோரையும் உட்கார வைக்க, பெரியவர்களுக்கான நகைச்சுவையையும் புகழ்பெற்ற விருந்தினர்களையும் சேர்த்தார்கள்.

காரணம் எளிது. திரை கேள்வி கேட்கும். பிள்ளை தவறாகச் சொன்னாலும் "சபாஷ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டிவிட்டு நீங்கள் போய்விடுவீர்களா? பக்கத்தில் நின்று, தராசைப் பிடிக்க வைத்து, தவறினால் திருத்துகிறீர்கள் அல்லவா? உங்கள் பிள்ளை அந்தப் பையனைவிடக் குறைந்தவனா?

"இரவு பத்து மணிக்குக் கடையடைத்து வருகிறோம், நேரம் ஏது?" என்பீர்கள். காலையில் பதினைந்து நிமிடம் போதும். ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். கூட உட்காருங்கள். நடுவில், "இது என்ன நிறம்? அடுத்து என்ன வரும்?" என்று கேளுங்கள். முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, பார்த்ததைக் கையால் செய்ய வையுங்கள். திரையில் 'அ' வந்தால், நேரு வீதியில் நடக்கும்போது பெயர்ப் பலகைகளில் 'அ'வைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் தாயோ பாட்டியோ அண்ணனோ இதைச் செய்யலாம்.

அளவும் வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம்; 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கைப்பேசியும் இதில் அடங்கும்.

அன்றிரவு நானும் மகளும் மூன்று தட்டு வைத்து, தட்டுக்கொரு பழமாக எண்ணினோம். சில நாள் கழித்து நான்கு கேட்டேன். சரியாக நான்கு கொண்டு வந்தாள். பெட்டி சொல்லித் தந்த பாடம்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்த பிறகே அது அவளுக்குச் சொந்தமானது.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையிடம் மூன்று பழம் கேட்டுப் பாருங்கள்.