கடலை நோக்கி ஒரு தேடல் நடை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டு. இலக்கியம் பேசவேண்டிய மேடையில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆனால் கொல்கத்தாவில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு என்பது, விடுமுறையில் சென்று இறங்கும் ஒரு ரயில் நிலையமும் பாட்டி வீடுமாகவே சுருங்கிவருகிறது. ஊரைக் கண்திறந்து பார்க்க அவர்களை எவ்வாறு பழக்குவது என்ற கவலை நம் எல்லோருக்கும் உண்டு. அக்கவலைக்கு இவ்விளையாட்டு ஒரு வழி காட்டுகிறது.

இதன் பெயர் ஜியோகேச்சிங். தமிழில் புதையல் தேடும் நடை எனலாம். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் கைத்தொலைபேசியே இன்று கணித்துரைக்கிறது. பொதுமக்களுக்கான குறியில் வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பார் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்துவைத்து, அவ்விடத்தின் எண்களை வெளியிட்டார். தேடிச் சென்றோர் கண்டெடுத்தனர். அன்று தொடங்கிய ஆட்டம் உலகெங்கும் பரவியது. இதில் ஒரு வகை உண்டு: ஓரிடத்தில் கண்டறியும் விடையே அடுத்த இடத்தின் எண்ணைத் தரும், இவ்வாறு படிப்படியாக நடந்து முடிவை அடைய வேண்டும்.

இவ்வகை நடைக்கு மிகவும் உகந்த ஊர் மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி. மேற்கே நகர வாயிலில் தொடங்கலாம். அது 1792-இல் எழுந்தது. அதனுள் நுழைந்து இராஜ வீதி வழியே நடந்தால் இரண்டு பழைய தேவாலயங்களைக் காண்போம். சீயோன் ஆலயம் 1701-ஆம் ஆண்டினது; புதிய எருசலேம் ஆலயம் 1718-ஆம் ஆண்டினது. பின்னதில் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1706-இல் இவ்வூரில் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-இல் அச்சிட்டு முடித்தவர் அவர். வீதி முடிவில் டேனியர் கோட்டை நிற்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் அளித்த உரிமையால் அது எழுந்தது. கோட்டைக்கு வடக்கே, அலையின் ஓரத்தில், மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டப்பட்டது. ஊரின் பழம்பெயராகிய சடங்கன்பாடியை அதன் கல்வெட்டு இன்றும் சொல்கிறது.

அன்பர்களே, இவ்வாண்டுகளைச் சற்றே கவனியுங்கள். வாயிலிலிருந்து கடலை நோக்கி நடக்க நடக்க, காலம் பின்னோக்கிச் செல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் புறப்பட்டவன், அரை மணி நடைக்குள் பாண்டியன் காலத்தில் போய் நிற்கிறான். எல்லாவற்றிலும் பழையது கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே கடல் முதலில் கை வைத்ததும் அதன்மேல்தான். கோயிலின் முன்பகுதிகளை அலைகள் முன்னமே கொண்டுவிட்டன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் குப்பத்தில் எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதும் நாம் அறிந்ததே.

அட்சரேகையில் ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால், தரையில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்திருப்போம். அத்துணை நுட்பமாக இடத்தைக் குறித்துவைக்க நம்மால் இயலும். ஆயினும் எண் என்றும் அழியாது. அவ்வெண்ணில் நின்ற கல் அழிந்துபோகும். கல் இருக்கும்போதே அதன்முன் போய் நின்று படிப்பவர் வேண்டும். இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

ஆகவே இந்நடையில் பெட்டி எதையும் மறைத்துவைக்க வேண்டா. கோட்டையிலும் கோயிலிலும் கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் காவலர் ஐயுறுவர். பழஞ்சின்னங்களில் தோண்டுவதோ குற்றம். விளையாட்டின் விதிகளும் மண்ணைத் தோண்டிப் புதைப்பதை ஒப்புவதில்லை. கேள்விகளையே புதையலாக வைப்போம். வாயில் எழுந்த ஆண்டு எது? கோட்டையின் எந்த முகம் கடலைப் பார்க்கிறது? கல்வெட்டு ஊரை எப்பெயரால் அழைக்கிறது? விடை தெரியாத பிள்ளை அங்குள்ள மீனவப் பெரியவரை அணுகி, "ஐயா, இது என்ன?" என்று தமிழில் கேட்கட்டும். அவ்வாறு கேட்கும் ஒரு கேள்வி, நாம் இங்கே நடத்தும் பத்து வகுப்புகளுக்கு ஈடாகும்.

இதற்கு ஒத்திகை பார்க்க நாம் தெற்கே செல்லவும் வேண்டியதில்லை. ஹௌராவிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் புறநகர் ரயிலில் சென்று சேரும் செராம்பூரும், 1755 முதல் டேனியர் கொடி பறந்த ஊரே. தரங்கம்பாடியில் தமிழ் அச்சேறியதுபோல், செராம்பூரில் 1801-இல் வில்லியம் கேரி புதிய ஏற்பாட்டை வங்காளத்தில் அச்சிட்டார். 1845-இல் இவ்விரண்டு ஊர்களும் ஒரே உடன்படிக்கையில், பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு, ஆங்கிலக் கம்பெனியிடம் கைமாறின. காவிரிக் கரை நாட்டையும் கங்கைக் கரை நாட்டையும் வரலாறே இவ்வாறு இணைத்து வைத்திருக்கும்போது, இரண்டுக்கும் உரியவர்களாகிய நாம் அவ்விணைப்பைக் காணாதிருப்பது தகுமா?

நம் சங்கத்து இளைஞர்கள் இவ்வாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செராம்பூரில் நடந்து, கேள்விகளை அமைத்துப் பழகட்டும். வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் தரங்கம்பாடி நடைக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவை இடம்பெறுமாயின், அதனினும் சிறந்த மலர் வேறில்லை என்பேன்.