விட்டுப்போன அதிகாரம்

(திருத்துறைப்பூண்டியில் நடந்த ஆஸ்பத்திரி நண்பர்கள் கூடுகையில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அநுதின வேதவாசிப்பைக் குறித்துப் பேசியது.)



அநுதின வேதவாசிப்பைப்பற்றி என் அநுபவத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒழுங்காக வாசித்தவளின் சாட்சி அல்ல. வாசியாமல் விட்டவளின் சாட்சி.

நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், வேதாகமம் முழுவதையும் ஒரே வருஷத்தில் வாசித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரங்கள், புதிய ஏற்பாட்டில் 260, ஆக 1,189. தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் டிசம்பருக்குள் முடிந்துவிடும். ஜனவரியில் ஆதியாகமம் கதைபோல ஓடியது. யாத்திராகமமும் முடிந்தது. பிறகு லேவியராகமம் வந்தது. பலிகள், தீட்டுகள், தோல் வியாதிகள். அதோடு நைட் டியூட்டி வேறு. ஒரு நாள் விட்டேன். மறுநாள் பாக்கி ஆறு அதிகாரம் ஆயிற்று. ஒரு வாரத்தில் இருபதுக்குமேல் சேர்ந்துவிட்டது. வாசலில் கடன்காரன் நிற்பதுபோல அந்தப் புத்தகம் மேஜைமேல் இருந்தது. முடிவில் லேவியராகமத்தை மூடிவைத்துவிட்டு, ஆறுதலான வாக்குத்தத்த வசனம் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு டியூட்டிக்கு ஓடுகிறவளாகிவிட்டேன். இப்படியே சில வருஷங்கள் போயின. வெளியே யாருக்கும் தெரியாது. வார்டில் காலை ஜெபத்தை நடத்துகிறவளே நான்தான்!

ஒரு மாசி மாதம், சம்பா அறுப்பு முடிந்த சமயம். வயலில் கூலி வேலை செய்கிற ஒரு வயதான அம்மாள், காலில் ஆறாத புண்ணோடு வார்டில் சேர்ந்தார். கிறிஸ்தவர் அல்ல. அந்த வாரம் காலை ஜெபத்தில் வாசிக்க ரூத்தின் புஸ்தகத்தை எடுத்திருந்தேன். நாலே அதிகாரம், 85 வசனம், சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. முதல் நாள் முதல் அதிகாரத்தோடு நிறுத்தினேன். மறுநாள் நான் புத்தகத்தைத் திறக்குமுன்னே அந்த அம்மாள் கேட்டார்:

"ஏம் பாப்பா, அந்த மாமியாளும் மருமவளும் ஊருக்கு வந்து என்னா பண்ணுனாங்க?"

இரண்டாம் அதிகாரம் வாசித்தேன். ரூத் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கப் போகிற பகுதி. இது என்னைவிட அந்த அம்மாளுக்கு நன்றாகப் புரிந்தது. அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடந்த கதிரைப் பொறுக்கி, மடியில் கட்டிவந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர் அவர். புண்ணுக்குக் கட்டுப் போடும்போது மெதுவாகக் கேட்டார்:

"அந்த ஆளு பொறுக்க உட்டாரே, அது அவரு நல்ல மனசா, இல்ல அந்த ஊர்க்கட்டே அப்படியா? எங்கள எல்லாம் வரப்புலயே வெரட்டுவாங்க."

"அவர் நல்ல மனுஷர், ஆயா" என்றேன்.

"நல்ல மனுசன் செத்துப்போனா அடுத்த வருசம் அந்தப் புள்ள எங்க போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுந்துவிட்டேன்.

அன்று இரவு அறைக்கு வந்து ஒத்துவாக்கியங்களைத் தேடினேன். அவை என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் லேவியராகமம் 19-ம் அதிகாரம், 9, 10-ம் வசனங்கள். நான் பாதியில் மூடிவைத்த அதே புஸ்தகம்! வயலின் ஓரத்தைத் தீர அறுக்கக்கூடாது, சிந்தின கதிரைத் திரும்பப் பொறுக்கக்கூடாது, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். உபாகமம் 24-ல் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சேர்த்துச் சொல்லப்படுகிறார்கள். ரூத் மோவாபிலிருந்து வந்த பரதேசி, விதவையுங்கூட. ஆக, ஊர்க்கட்டு இருந்தது. அதற்கு மேலே, அரிகளிலிருந்தும் வேண்டுமென்றே சிந்தவிடும்படி வேலைக்காரரிடம் சொன்ன போவாஸின் நல்ல மனசும் இருந்தது. அந்த அம்மாளின் கேள்விக்கு இரண்டுமே பதில்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அதற்கடுத்த நாள் போனபோது கட்டில் காலியாக இருந்தது. மகன் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டாராம். ஊர் எது என்று விசாரித்துப் போயிருக்கலாம். நான் போகவில்லை. தேவ சமுகத்தில் அதை இன்றைக்கும் என் குறையாகவே அறிக்கையிடுகிறேன். என்னைக் கட்டாயப்படுத்தி அவர் எதையும் கேட்கவில்லை. வேதத்தில் எழுதியிருந்ததைத்தான் கேட்டார். அவருக்கென்று அங்கே வைத்திருந்த ஆகாரத்தை நான் எடுத்துவைக்காமல் போனேன்.

மறுபடியும் எப்படித் துவங்கினேன் என்று கேட்பீர்கள். என் தகப்பனார் கடைமடை விவசாயி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி திறந்தாலும், கல்லணை தாண்டி, ஆறு, வாய்க்கால் என்று நம் பக்கம் வந்துசேர நாளாகும். முறை வைத்து விடுகிற வருஷத்தில் ஒரு முறை தவறினால் பயிர் வாடும். விடுப்பில் வீட்டுக்குப் போனபோது என் மனக்கஷ்டத்தை அவரிடம் சொன்னேன். எத்தனையோ அதிகாரம் பாக்கி, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றேன். அவர் சொன்னார்: "போன முறைத் தண்ணிய நெனச்சு அழுதுகிட்டிருந்தா இந்த முறைத் தண்ணியும் கடலுக்குப் போயிடும். மொதல்ல இன்னிக்கு மடையத் தொற."

அன்றுமுதல் பாக்கிக் கணக்கை விட்டேன். ஒரு நாளைக்கு ஒரே அதிகாரம், வரிசையாக. விட்டால் விட்ட இடத்திலிருந்து. இந்த வேகத்தில் முழு வேதாகமத்துக்கும் மூன்றேகால் வருஷம் ஆகிறது. ஆகட்டுமே! பிடித்த பகுதி, பிடிக்காத பகுதி என்று நான் தெரிந்தெடுப்பதில்லை. எனக்குப் பிரயோஜனமில்லை என்று நினைக்கிற அதிகாரம், பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவருக்கு வேண்டியதாயிருக்கலாம்.

ரூத்தின் புஸ்தகத்துக்கு வரும்போதெல்லாம் இன்னொருவரையும் நினைக்கிறேன். நம் டெல்டாக் கடற்கரையில், தரங்கம்பாடியில், 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே சிறைவாசம். நாலு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். 1715-க்குள் அது அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டையும் தொடங்கினார். ரூத்தின் புஸ்தகம்வரை வந்தபோது, 1719 பிப்ரவரியில், 36 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மீதியை ஷூல்ச் ஐயர் தொடர்ந்து செய்ய, 1728-ல் அச்சு வேலை நிறைவேறியது. முடிவைக் காணாதவர் அன்றாடம் செய்த வேலையால்தான் நம் கையில் வேதம் தமிழில் இருக்கிறது.

பிரியமானவர்களே, அந்த அம்மாளின் கேள்வியை உங்களிடமும் வைத்துப் போகிறேன். நல்ல மனசு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இராது. ஆகையால்தான் கர்த்தர் அதைக் கட்டளையாகவே வைத்தார். வாசிப்பும் அப்படியே, கொடுப்பதும் அப்படியே. மாதந்தோறும் நீங்கள் அனுப்புகிற சிறு காணிக்கை, வயலோரத்தில் நீங்கள் விட்டுவைக்கிற கதிர். யார் வந்து பொறுக்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வார்டில் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

நாளைக் காலை ஒரு அதிகாரம் திறவுங்கள். பாக்கியை எண்ணவேண்டாம். வாசித்தபின், இன்று எந்தக் கட்டிலிலிருந்து கேள்வி வருமோ, அந்த நோயாளிக்காகவும், பதில் சொல்லவேண்டிய செவிலியருக்காகவும் ஒரு நிமிஷம் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.