அறிந்து செய்த பாவமும் அறியாது நேர்ந்த பாவமும்



பாவம் என்னும் சொல்லைத் தமிழ் வழக்கில் நாம் இருவகையாக ஆளுகின்றோம். தகாததைச் செய்தவனைப் பாவி என்கின்றோம். தான் செய்யாத குற்றத்துக்காகத் துன்பப்படுபவனைக் கண்டாலும், "ஐயோ, பாவம்!" என்கின்றோம். குற்றவாளியையும் இரங்கத்தக்கவனையும் ஒரே சொல்லாற் குறிப்பது பேச்சு வழக்கில் இடர் தராது. ஆனால் ஒருவனுடைய மனச்சாட்சியின் மன்றத்திலே இவ்விருவரும் ஒருவராகக் கலந்துவிடுவாராயின், அங்கே நீதியும் நிலைகுலையும், ஆறுதலும் அற்றுப்போகும். துணிந்து செய்யும் பாவத்துக்கும் அறியாமலோ ஆற்றாமலோ நேரும் பாவத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கிறிஸ்தவ மறை எவ்வாறு வகுத்துக் கூறுகின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் குருவானவன் அல்லன், பள்ளிக்கூடத்து ஆசிரியன். முல்லைத்தீவுப் பகுதியிலே, தண்ணீரூற்று என்னும் எங்கள் ஊர்ப்புறத்து மக்களின் வாழ்வை மனத்திற்கொண்டே இவற்றைச் சொல்லுகின்றேன்.

முதலாவதாக மோசேயின் சட்டத்தை நோக்குவோம். லேவியராகமத்தின் நான்காம் அதிகாரம் முழுவதும் அறியாமற் செய்த பாவத்துக்குரிய பலிகளைப் பற்றியது. குருவானவன் தவறினால் ஒரு காளை. சபையார் அனைவரும் தவறினாலும் ஒரு காளை. தலைவன் தவறினால் ஆட்டுக்கடா. எளிய குடிமகன் தவறினால் பெண்ணாடு. நிலை உயர உயரப் பலியும் பெரிதாகின்றது. அறியாமற் செய்தது என்பதனால் அது ஒன்றுமில்லாதது ஆகிவிடவில்லை; அதற்கும் பரிகாரம் வேண்டும். ஆனால் பரிகாரத்துக்கு வழி திறந்திருக்கின்றது. கை ஓங்கித் துணிகரமாய்ப் பாவஞ் செய்தவனைப் பற்றியோ எண்ணாகமம் வேறுவிதமாகப் பேசுகின்றது. அவனுக்கென்று அங்கே பலி எதுவும் கூறப்படவில்லை. அவன் தன் மக்களினின்றும் அறுபட்டுப் போவான்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. விறகு வெட்டப் போன இருவரில் ஒருவனுடைய கோடரி காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேற் பட்டு அவன் இறந்தால் என்செய்வது என்று உபாகமம் கேட்கின்றது. வன்னியிலே காட்டோரத்தில் வாழ்வோர்க்கு இந்நிகழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை. இத்தகையோன் பழிவாங்குவோர் கையில் அகப்படாமல் ஓடித் தப்புவதற்காக ஆறு அடைக்கலப் பட்டணங்கள் வகுக்கப்பட்டிருந்தன. இறந்தவன் இறந்தவனே. ஆயினும் கொன்றவன் கொலைஞன் அல்லன். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டதே அந்தச் சட்டத்தின் சிறப்பு.

இனி, இரண்டுக்கும் இடையிலே ஒரு நிலை உண்டு. நாம் பெரும்பாலும் நிற்பது அங்கேதான். யாத்திராகமம் ஒரு முட்டுகின்ற மாட்டைப் பற்றிக் கூறுகின்றது. மாடு ஒருவனை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டுக்காரன்மேற் பழியில்லை. ஆனால் அந்த மாடு முன்னரே முட்டும் வழக்கமுள்ளது என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தும், அவன் அதனைக் கட்டிவையாது விட்டிருந்தால், பழி அவனையே சாரும். குழி வெட்டி மூடாமல் விட்டவனுக்கும் அவ்வாறே: அதில் விழுந்திறந்த மாட்டின் விலையை அவன் கொடுத்தாகவேண்டும். எங்கள் பகுதியிலே கட்டில்லாத தோட்டக் கிணறுகளை எல்லாரும் அறிவோம். அயலவன் ஒருவன் வந்து, "பிள்ளைகள் ஓடித்திரியும் இடம், சுற்றிவரக் கட்டிவிடு" என்று சொல்லிய நாள்வரையில் அந்தக் கிணற்றுக்காரன் அறியாதவன் எனலாம். அந்த நாளுக்குப் பின்னரும் அவன் வாளாவிருப்பானாயின், அறியாமை என்னும் நிழல் அவனுக்கு இல்லை. அறியாது நேரும் பாவம் துணிந்து செய்யும் பாவமாக மாறும் இடம் இதுவே. கிணறு அதே கிணறுதான். சொல்லக் கேட்டதனால் மாறியவன் மனிதனே.

இக்கருத்து கிறிஸ்தவருக்கு மாத்திரம் உரியதன்று. எங்கள் ஊருக்கு அண்மையில், நந்திக்கடலோரத்தில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கின்றது. வைகாசிப் பொங்கலன்று எண்ணற்ற மக்கள் அங்கே திரளுகின்றனர். கோவலன் கதையை அறியாதார் அவர்களுள் இல்லை. அக்கதையிலே சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் வேண்டுமென்றே பொய் சொன்னான். பாண்டியனோ அநீதி செய்ய எண்ணினான் அல்லன், ஆராயாது ஆணையிட்டான். ஆராய்வது அரசன் கடமை. கண்ணகி வந்து உண்மையைக் காட்டியபோது, அவன் பொற்கொல்லன்மேற் பழியைப் போட்டுத் தப்பிக்கொள்ளவில்லை. குற்றத்தைத் தனதென்று ஏற்று அரியணையிலேயே உயிர்நீத்தான். தவறு தன்னுடையது என ஏற்ற அளவில் அவனைத் தமிழர் இன்றும் மதிக்கின்றனர். ஆனால் உயிரைவிடும்படி கிறிஸ்துவின் நெறி கேட்பதில்லை. ஏற்றுக்கொள், இழப்பை ஈடுசெய், திரும்பி வாழ் என்பதே அதன் கட்டளை.

கத்தோலிக்க திருச்சபை சாவான பாவம் என்பதற்கு மூன்று இலக்கணங்களை வகுத்துள்ளது. செய்த காரியம் பாரதூரமானதாய் இருத்தல் வேண்டும். அது பாரதூரமானது என்ற முழு அறிவு இருத்தல் வேண்டும். அறிந்தபின் மனம் பூரணமாக இசைந்திருத்தலும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் அது சாவான பாவம் ஆகாது. சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனனஞ் செய்யப்படும் பாடந்தான் இது. ஆனால் இதனுடைய அருமை எங்கள் வன்னி மண்ணிலே வாழ்ந்தவர்க்கே முழுவதும் விளங்கும் என்று நான் எண்ணுகின்றேன். அதன் காரணத்தைச் சொல்லுகின்றேன்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை அழித்தது. பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு ஓடியவர்களுடைய பிடியை அலை பறித்தது. பின்பு 2009ஆம் ஆண்டு தை தொடக்கம் வைகாசி வரையும், இதே நந்திக்கடற் பரப்பைச் சூழ்ந்த ஒடுங்கிய நிலத்திலே இலட்சக்கணக்கான மக்கள் ஷெல் வீச்சுக்கு நடுவே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அலைந்தனர். நடக்க முடியாத தாயைப் பதுங்குகுழியில் விட்டுவந்தவர்கள் உண்டு. தந்தையின் உடலைப் புதையாமல் வந்தவர்கள் உண்டு. இரண்டு பிள்ளைகளுள் ஒன்றை மாத்திரமே தூக்கிக்கொண்டு நீரைக் கடந்தவர்களும் உண்டு. பின்னர் செட்டிகுளத்து முகாமிலும், அதன்பின் மீள்குடியேறிய வீட்டிலும் அவர்களைத் தொடர்ந்து வந்தது துயரம் மாத்திரமன்று. "நான் பாவி" என்ற தீர்ப்பும் கூட வந்தது. அத்தீர்ப்பை எந்த நீதிமன்றமும் வழங்கவில்லை. அவர்களே தமக்கு வழங்கிக்கொண்டார்கள்.

இவர்களுக்கு மறை கூறுவது யாது? மனம் இசையாத இடத்திலே பாவம் இல்லை என்பதே. அலை பறித்த கை விட்ட கை ஆகாது. வேறு வழியில்லாத இடத்தில் நடந்தது தெரிவு ஆகாது. அவர்கள் சுமப்பது துக்கம். துக்கத்துக்கு உரியது கண்ணீரும் நினைவுகூரலும் மன்றாட்டுமே அன்றித் தண்டனை அன்று. ஆகவே அத்தகைய ஒருவர் நம்மிடம் வந்து தம்மைத் தாமே குற்றஞ்சாட்டும்போது, "அதையெல்லாம் மறந்துவிடு" என்று சொல்லுதல் பயன் தராது. மறப்பது அவரால் இயலாது. "நடந்தது கொடியது, ஆனால் அதைச் செய்தவர் நீர் அல்லர்" என்று சொல்லுதலே உண்மையும் ஆறுதலும் ஆகும். அவருக்கு நாமே ஓர் அடைக்கலப் பட்டணம் ஆகவேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லவேண்டும். செய்யாததற்காகத் தம்மை வருத்திக்கொள்வோர் வாழும் அதே ஊரிலே, செய்ததற்காகச் சிறிதும் வருந்தாதோரும் வாழுகின்றனர். பலவேளைகளில் இவ்விருவரும் ஒருவராகவே இருத்தலும் கூடும். நெல் நிறுக்கும் தராசில் கள்ளம் செய்துவிட்டு, "ஊரெல்லாம் இதுதானே வழக்கம்" என்கின்றோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரனுடைய காணிப் பங்கை உறுதியில் நம் பெயருக்கு மாற்றிவிட்டு, "அவன் கேட்கவில்லையே" என்கின்றோம். இரவோடிரவாக ஆற்று மணலை ஏற்றிவிட்டு, "சட்டம் எங்களுக்குத் தெரியாது" என்கின்றோம். விதவையொருத்திக்குக் கிடைக்கவேண்டிய வீட்டைப் பொய்த் தகவல் கொடுத்துத் தனதாக்கிக்கொண்டவன், "நானும் இழந்தவன்தானே" என்கின்றான். இவை கோடரி கழன்று நேர்ந்தவை அல்ல. கேள்வி கேட்டால் விடை தெரிந்துவிடும் என்பதனாலேயே கேளாதிருக்கின்றோம். அறிய விரும்பாமையை அறியாமை என்று பெயரிட்டு அழைத்தல் பொய்யேயாகும். எசமானின் விருப்பத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரனுக்குப் பல அடிகளும், அறியாதவனுக்குச் சில அடிகளும் என்று ஆண்டவர் இயேசு சொன்ன உவமையை லூக்கா எழுதியிருப்பது இங்கே சிந்திக்கத்தக்கது.

அங்ஙனமாயின், அறிந்து செய்தவனுக்கு வழி அடைபட்டுவிட்டதா? எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்தைப் படித்து நடுங்கியவர் பலர். உண்மையை அறிந்தபின்னும் மனமாரப் பாவஞ் செய்வோர்க்கு வேறு பலி இல்லை என்ற கருத்து அங்கே வருகின்றது. அப்பகுதி முழுவதையும் நோக்குவோமாயின், அது ஒருகால் விழுந்து அழுகின்றவனைப் பற்றியதன்று. கிறிஸ்துவைக் காலின்கீழ் மிதித்துத் திரும்ப மறுத்து நிற்பவனைப் பற்றியது என்பது தெளியும். பேதுருவை நினைவுகூர்க. முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், அறிந்துகொண்டே, மும்முறை அவர் தம் ஆண்டவரை மறுதலித்தார். வெளியே போய் மனங்கசந்து அழுதார். பின்பு கடற்கரையிலே மும்முறையே அன்பைப் பற்றிக் கேட்கப்பட்டு, மந்தையை மேய்க்கும் பொறுப்பைப் பெற்றார். தாவீது அரசனோ உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையிற் சாகவிட்டான். யாவும் அறிந்து செய்தவை. நாத்தான் வந்து முகத்துக்கு நேரே சொன்னபோது அவன் சாக்குச் சொல்லவில்லை. திரும்புவதற்கான கதவு வெளியிலிருந்து பூட்டப்படுவதில்லை. உள்ளேயிருப்பவன் தாழிட்டால் ஒழிய.

சிலுவையின்மேல் இயேசு மன்றாடியதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தம்மைக் கொல்லுகின்றவர்கள் செய்வது இன்னதென்று அறியார் என்று அவரே சான்று கூறினார். கூறியும் அவர்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அறியாமை குற்றத்தைக் குறைக்கின்றது. ஆனால் காயத்தை ஆற்றுவதில்லை. ஆகையால் அறியாது செய்தவனும், உண்மை தெரிந்த நாளில், பாதிக்கப்பட்டவனிடம் போகவேண்டியவனே.

நேயர்களே! வகுப்பறையிலே கண்ணாடி உடைந்தால் நல்லாசிரியன் மூன்று கேள்விகள் கேட்பான். உடையும் என்று உனக்குத் தெரியுமா? தெரியாதெனின், தெரிந்துகொள்ள வேண்டியது உன் பொறுப்பாய் இருந்ததா? தெரிந்திருந்தால், தவிர்க்க உன்னால் இயன்றதா? விடைகளைக் கேட்டபின்னரே அவன் ஒரு பிள்ளையைத் தேற்றுவான். ஒரு பிள்ளையைத் திருத்துவான். ஒரு பிள்ளையைக் கண்டிப்பான். மூவரையும் ஒரே பிரம்பால் அடிப்பவன் ஆசிரியன் அல்லன். இரவில் விளக்கணைத்துப் படுக்கும்போது இம்மூன்று கேள்விகளையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. தவிர்க்க இயலாது போனவற்றை இறைவன் கையில் ஒப்புவித்துவிட்டு உறங்குவோம். தவிர்க்க இயன்றும் செய்தவை இருக்குமாயின், விடிந்ததும் எழுந்து, யாரிடம் போகவேண்டுமோ அவரிடம் போவோம்.