கேட்டால் மட்டும் போதாது

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், கல்முனைக் கரையிலிருந்து வந்த நண்பர்கள் ஆற்றிய உரை)



நாங்கள் கடற்கரை ஆட்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று அம்பாறைக் கரையோரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கிற ஊர்களிலிருந்து வந்திருக்கிறோம். எங்களில் முஸ்லிம்களும் இருக்கிறோம், கிறிஸ்தவர்களும் இருக்கிறோம். உங்களுக்கு மலை, எங்களுக்கு மணல். ஆனால் மழைக்காலம் வந்தால் வீட்டை நினைத்துக் கவலைப்படுவது இரண்டு பக்கமும் ஒன்றுதானே? அதனால் இன்றைக்கு ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறோம்.

இது இயேசு சொன்ன கதை. மத்தேயு சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டு பேர் வீடு கட்டினார்கள். ஒருவன் கன்மலைமேல் கட்டினான், மற்றவன் மணல்மேல் கட்டினான். மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டுக்கும்தான் வந்தன. ஒன்று நின்றது, மற்றது விழுந்தது. முதலாமவனைப் புத்தியுள்ளவன் என்றும், இரண்டாமவனைப் புத்தியில்லாதவன் என்றும் இயேசு சொல்கிறார்.

ஏன் அவன் புத்தியில்லாதவன்? படிக்காததாலா? காசில்லாததாலா? இல்லை. இரண்டு பேரும் நல்ல வார்த்தையைக் கேட்டவர்கள்தான். ஒருவன் கேட்டு அதன்படி செய்தான். மற்றவன் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். வேதம் சொல்கிற மூடத்தனம் இதுதான். பெரிய படிப்புப் படித்தவனுக்கும் அது வரும்.

குர்ஆனின் 9ஆவது அத்தியாயத்திலும் இதே மாதிரி ஓர் உவமை உண்டு. இறையச்சத்தின்மேல் அடித்தளம் போட்டவனையும், இடிந்து விழப்போகும் கரையின் ஓரத்தில் அடித்தளம் போட்டவனையும் அது ஒப்பிடுகிறது. அதனால் எங்கள் ஊரில் இந்தப் பாடம் இரண்டு வீட்டாருக்கும் சொந்தம்.

இப்போது எங்கள் கதைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பு எங்கள் மாவட்டத்தில்தான். செத்தவர்கள் மூடர்களா? பாவிகளா? அப்படிச் சொன்னவர்களும் உண்டு, அதைக் கேட்டு எங்கள் நெஞ்சு வெந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்று இயேசு சொன்னார். லூக்கா 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சுமத்திராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அலை எங்களிடம் வந்தது. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. கேட்காத வார்த்தைப்படி யார் நடக்க முடியும்?

அதற்குப் பிறகு எச்சரிக்கை ஏற்பாடுகள் வந்தன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி அதே பக்கத்தில் மறுபடி பெரிய நில அதிர்வு. எச்சரிக்கை வந்ததும் கரையோரச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்பக்கம் போனார்கள். பெரிய அலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். ஆபத்தைக் கண்டு ஒதுங்குகிறவன் விவேகி என்பதுதான் நீதிமொழிகள் 22ஆம் அதிகாரம் தருகிற புத்தி.

உங்கள் பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அப்படியென்றால் அங்கே இருந்தவர்கள் புத்தியில்லாதவர்களா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். போகச் சொன்னால் போதுமா? போய் இருக்க ஓர் இடம் வேண்டாமா? லயத்தை விட்டால் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், தண்ணீர் எல்லாம் எங்கே? கையில் கொடுக்க இருக்கும்போது, போய் நாளைக்கு வா என்று அயலானைத் திருப்பி அனுப்பாதே என்று நீதிமொழிகள் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. கேட்டுவிட்டுச் செய்யாத மூடத்தனம் லயத்தில் மட்டும் இல்லை, காணி கொடுக்க வேண்டியவர்களின் மேசையிலும் இருக்கிறது.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே நாம் செய்யக்கூடியதை இன்றே செய்வோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் தருகிறது. மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்கிற மரம், புதிதாகக் கிளம்புகிற ஊற்று, திடீரென்று கலங்குகிற ஊற்றுத்தண்ணீர், இதெல்லாம் மலை நமக்குச் சொல்கிற வார்த்தை. கண்டால் விடியட்டும் என்று படுக்காதீர்கள். 117க்குப் பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் தொங்கவிடுங்கள். வெயில் காலத்திலேயே எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, பாதுகாப்பான காணி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

ஞானம் இறையச்சத்தில் தொடங்குகிறது என்று வேதம் சொல்கிறது. கடவுளுக்குப் பயப்படுகிறவன், அவர் தந்த உயிரைச் சும்மா விடமாட்டான், தன் உயிரையும் அயலானின் உயிரையும்.

எங்களுக்கு அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு நாங்கள் சொல்லிவிட்டோம். கேட்டவர்கள் செய்யுங்கள்.