ஐம்பது கேட்டார், ஐநூறு வந்தது

ஐம்பது கோழிக்குஞ்சு கேட்டால் ஐநூறு வந்து இறங்குகிறது. நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்து ஓஷன் வியூ என்ற சிற்றூரில் இருந்த சிசில் ஸ்டீல் அம்மையார் அனுப்பவில்லை.

அது 1923. கணவர் வில்மருக்குக் கடலோரக் காவல் படையில் வேலை. வீட்டில் சின்னப் பிள்ளைகள். முட்டை விற்ற காசு அந்த அம்மாவின் கைச்செலவுக்கு. அங்கே அப்போது கோழி வளர்த்ததே முட்டைக்காகத்தான். முட்டை விடுவதை நிறுத்திய கிழட்டுக் கோழிதான் அடுப்புக்கு வரும்.

இவர் சின்னதாக ஒரு கொட்டகை போட்டு, அத்தனையையும் கறிக்கென்றே வளர்த்தார். நூற்றுக்கு மேல் செத்துப்போயின. மிச்சம் 387. கோழி ஒன்று சுமார் இரண்டு பவுண்டு தேறியதும் விற்றார், பவுண்டு 62 சென்ட். நல்ல விலை! அடுத்த வருஷம் ஆயிரம் குஞ்சு வாங்கினார். 1926-இல் பத்தாயிரம் கோழிக்கு இடம். கணவரும் உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணைக்கே வந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அந்த வட்டாரமே பிராய்லர் பண்ணையாகிவிட்டது.

1940-இல் ஒரு படகு விபத்தில் தம்பதி இருவருமே இறந்துபோனார்கள். அவர்களுடைய பழைய கொட்டகை இப்போது டோவர் நகர வேளாண் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1974-இல் அதை நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலிலும் சேர்த்தார்கள். கோழிக் கொட்டகையைத்தான் சொல்கிறேன்!